நிலவுக்கு போகும் முன் ஒரு வெள்ளோட்டம்: விண்வெளியில் 2 குட்டி செயற்கைகோள்கள் கைகோர்த்தது எப்படி?

பொன்னேரி:

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாள் என்றால் பழவேற்காடு பகுதிக்கு முன்கூட்டியே சேதி வந்து விடும். "கடலுக்கு போகாதீங்க" என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை கொடுக்கப்படும். படகுகள் கரையில் கிடக்கும். ராக்கெட் கிளம்பியதும் முதலில் வெளிச்சம் தெரியும். கொஞ்சம் கழித்து சத்தம் வரும். சில நிமிடங்களில் அது ஒரு புள்ளியாகி மறைந்து விடும். வேடிக்கை பார்த்தவர்கள் "போயிடுச்சுப்பா" என்று கலைந்து விடுவார்கள்.

ஆனால் விஞ்ஞானிகளுக்கு உண்மையான தலைவலி அதற்கு பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதற்கு நல்ல உதாரணம், 2024-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி இரவு 10 மணிக்கு கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்.

அந்த ராக்கெட்டில் முக்கிய பயணிகளாக போனவை 2 குட்டி செயற்கைகோள்கள். ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ எடை. டி.வி. சேனல் ஒளிபரப்பவோ, செல்போன் பேசவோ, புயல் எச்சரிக்கை கொடுக்கவோ இவை அனுப்பப்படவில்லை. வானத்தில் ஒன்றை ஒன்று தேடிப்பிடித்து, கைகோர்த்து, பிறகு பிரிய வேண்டும். இதுதான் இவற்றுக்கு கொடுக்கப்பட்ட முக்கிய வேலை. திட்டத்தின் பெயர் "ஸ்பேடெக்ஸ்".

"இதுக்கு ஒரு ராக்கெட்டா? சேர்ந்து பிரியறதுக்கா இவ்வளவு செலவு?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்கான விடை கடலோர மக்களுக்கு தெரியாத விஷயம் அல்ல.

படகுக்கும் வெள்ளோட்டம்

புதுப்படகு கட்டினால் அன்றைக்கே ஆட்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு நடுக்கடலுக்கு யாரும் போக மாட்டார்கள். கரை ஓரமாகவே ஒரு சுற்று விட்டு பார்ப்பார்கள். தண்ணீர் கசிகிறதா, என்ஜின் இழுக்கிறதா, ஒரு பக்கமாக சாய்கிறதா என்று கவனிப்பார்கள். கோவில் தேருக்கும் இதே கதைதான். புதுத்தேர் என்றால் முதலில் வெள்ளோட்டம். அதில் அச்சாணி சரியாக இருந்தால்தான் சாமி ஏறும்.

குட்டி செயற்கைகோளில் புது தொழில்நுட்பத்தை ஏற்றி அனுப்புவதும் இந்த வெள்ளோட்டம்தான்.

"தரையிலேயே சோதித்து பார்க்கலாமே?" என்று கேட்கலாம். சோதிக்கத்தான் செய்கிறார்கள். காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைத்து பார்க்கிறார்கள். கடும் சூட்டிலும் கடும் குளிரிலும் வாட்டி எடுக்கிறார்கள். ராக்கெட் அதிருவது போல குலுக்கி பார்க்கிறார்கள். ஆனால் எடையே இல்லாமல் மிதப்பது, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பகலும் இரவும் மாறி வருவது, கதிர்வீச்சு அடிப்பது, பிடிமானமே இல்லாமல் நகர்வது என எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து வரும் இடம் விண்வெளி மட்டும்தான். அதை அப்படியே தரையில் கொண்டு வர முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல கோடி ரூபாய் போட்டு பெரிய செயற்கைகோள் செய்பவர்கள், "ஏற்கனவே விண்வெளியில் ஓடிய கருவியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். புது கருவிக்கு அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இந்த மாதிரி சோதனை செயற்கைகோள்கள் விடப்படுகின்றன.

தோற்றால் சின்னதோடு போகும். பெரியது தப்பிக்கும்.

27 ஆயிரம் கி.மீ. வேகம், எறும்பு வேகம்

ஸ்பேடெக்ஸ் செயற்கைகோள்களில் ஒன்றின் பெயர் எஸ்.டி.எக்ஸ்-01. இதுதான் துரத்தி போகும் ஆள். மற்றொன்று எஸ்.டி.எக்ஸ்-02. இது பிடிபட வேண்டிய ஆள். ராக்கெட் கிளம்பிய சுமார் 15 நிமிடத்தில் இரண்டும் தனித்தனியாக கழற்றி விடப்பட்டன. தரையில் இருந்து அப்போது உயரம் சுமார் 475 கி.மீ.

அந்த உயரத்தில் எதுவாக இருந்தாலும் மணிக்கு சுமார் 27 ஆயிரம் கி.மீ. வேகத்தில் பூமியை சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் கீழே இறங்கி விடும். அந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டையும்தான் சேர்க்க வேண்டும்.

பக்கத்து பக்கத்து தண்டவாளத்தில் ஒரே வேகத்தில் ஓடும் 2 ரெயில்களை நினைத்து பாருங்கள். இந்த ரெயில் ஜன்னலில் இருந்து பார்த்தால் அந்த ரெயில் நிற்பது போலவே தெரியும். அது மாதிரி இரண்டு செயற்கைகோளும் ஒரே வேகத்துக்கு வந்து விட்டால், ஒன்றுக்கு மற்றொன்று நிற்பது போலத்தான். அதன் பிறகு மெதுவாக நெருங்க வேண்டும். கடைசியாக தொடும் போது இருக்க வேண்டிய வேகம் வினாடிக்கு சுமார் 10 மில்லி மீட்டர்தான். அதாவது எறும்பு ஊறுகிற வேகம்.

கொஞ்சம் வேகம் கூடினால் மோதி தெறித்து விடும். கொஞ்சம் கோணம் தப்பினால் கொக்கி மாட்டாது.

இதில் விந்தை என்னவென்றால், முன்னால் போகிறவனை பிடிக்க ரோட்டில் ஆக்சிலேட்டரை முறுக்குவது போல விண்வெளியில் முறுக்க முடியாது. வேகத்தை கூட்டினால் செயற்கைகோள் மேலே ஏறி விடும். மேலே இருப்பதற்கு சுற்று பெரிது. அதனால் பின்தங்கி விடும். முன்னால் போகிறதை பிடிக்க வேண்டும் என்றால் கொஞ்சம் பிரேக் போட்டு கீழே இறங்க வேண்டும். கீழே சுற்று சிறிது, ஓட்டமும் வேகம். முன்னால் வந்ததும் மறுபடி மேலே ஏற வேண்டும். தலைகீழ் கணக்கு!

தாம்பாள சைஸ் வளையம்

ராக்கெட்டில் இருந்து பிரிந்த இரண்டையும் முதலில் 10 முதல் 20 கி.மீ. தூரம் விலக விட்டார்கள். பிறகு படிப்படியாக நெருங்க வைப்பதுதான் திட்டம். 5 கி.மீ., 1.5 கி.மீ., 500 மீட்டர், 225 மீட்டர், 15 மீட்டர், 3 மீட்டர் என்று ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, "எல்லாம் சரியா?" என்று பார்த்து விட்டுத்தான் அடுத்த படி.

ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு கண். ஜி.பி.எஸ். போன்ற வழிகாட்டி செயற்கைகோள்களின் சிக்னலை வைத்து யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கு போடப்படும். தூரத்தை அளக்க லேசர் கருவி. கிட்டே வந்ததும் வேறு சென்சார்கள். 20 மீட்டருக்குள் வந்தால் வீடியோ கேமரா. கடைசி 8 சென்டி மீட்டரில் இருந்து பார்ப்பதற்கு என்றே தனியாக ஒரு சென்சார். இவை போக இரண்டும் ஒன்றோடு ஒன்று "பேசிக்கொள்ள" ரேடியோ வசதியும் உண்டு.

இணையும் வளையம் எவ்வளவு பெரிது தெரியுமா? குறுக்களவு 45 சென்டி மீட்டர். கல்யாண வீட்டு தாம்பாள தட்டு அளவுதான். கொக்கி ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம் என்று இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்யப்பட்டுள்ளது. அதனால் எது வேண்டுமானாலும் துரத்தலாம், எது வேண்டுமானாலும் பிடிபடலாம்.

சின்னதாக இருப்பதால் வேலை சுலபம் என்று நினைத்து விடக்கூடாது. பெரிய கப்பலை விட சின்ன ஓடம்தான் அதிகமாக ஆடும். குட்டி செயற்கைகோளை லேசாக தட்டினாலே திரும்பி விடும். அதனால் குறி இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும்.

தள்ளிப்போன முகூர்த்தம்

இணைப்புக்கு முதலில் குறித்த நாள் 2025 ஜனவரி 7. ஆனால் அதற்கு முந்தைய நாள் தரையில் நடந்த ஒத்திகையில், பாதியில் கைவிட வேண்டிய சூழ்நிலை ஒன்று வரலாம் என்று தெரிய வந்தது. "இன்னும் சரிபார்க்க வேண்டும்" என்று இஸ்ரோ 9-ந்தேதிக்கு தள்ளி வைத்தது.

8-ந்தேதி அடுத்த சோதனை வந்தது. 500 மீட்டர் தூரத்தில் இருந்து 225 மீட்டருக்கு நெருங்க வைக்கும் முயற்சி நடந்தது. செயற்கைகோள்கள் தரை நிலையங்களின் பார்வையில் படாத இடத்தை கடந்து வந்த பிறகு பார்த்தால், எதிர்பார்த்ததை விட அதிகமாக நகர்ந்து போயிருந்தன. 9-ந்தேதி இணைப்பும் ரத்து. நகர்ந்து போனதை நிறுத்தி, மறுபடி பக்கத்தில் கொண்டு வரும் வேலை நடந்தது.

12-ந்தேதி 15 மீட்டருக்கு வந்தன. பிறகு 3 மீட்டர். ஒரு ஆட்டோவின் நீளத்தை விட கொஞ்சம்தான் அதிகம். "சேர்ந்துடுச்சா?" என்று நாடே பார்த்துக்கொண்டிருக்க, இரண்டையும் பத்திரமாக பின்னால் விலக்கி விட்டார்கள். "இது சோதனை முயற்சி. கிடைத்த தகவல்களை ஆராய்ந்த பிறகுதான் இணைப்பு" என்று இஸ்ரோ அறிவித்தது.

நாள் தள்ளிப்போனதும் "ஊத்திக்கிச்சு" என்று சொல்வது எளிது. ஆனால் இந்த வெள்ளோட்டத்தின் லாபமே அந்த நாட்களில்தான் இருக்கிறது. அந்த அதிகப்படியான நகர்வு நிலவு பயணத்தின் போது தெரிய வந்திருந்தால்? உள்ளே மனிதர்கள் இருக்கும் போது தெரிய வந்திருந்தால்? ஆளில்லாத 220 கிலோ பெட்டியில் தெரிய வந்தது. அதனால் நிறுத்தி, யோசித்து, திருத்த நேரம் கிடைத்தது.

காணும் பொங்கலில் சந்திப்பு

ஜனவரி 16-ந்தேதி காலை. தமிழ்நாட்டில் காணும் பொங்கல். உறவுகளை பார்க்க ஜனங்கள் கிளம்பிக்கொண்டிருந்த நாளில் வானத்தில் அந்த இரண்டும் சந்தித்தன. 15 மீட்டர், 3 மீட்டர், பிறகு தொடுதல். வளையங்கள் மாட்டின, உள்ளே இழுத்துக்கொண்டன, இறுகின. இரண்டும் ஒன்றாகின.

அமெரிக்கா, ரஷியா, சீனாவுக்கு அடுத்து இதை சாதித்த 4-வது நாடு இந்தியா என்று இஸ்ரோ அறிவித்தது. குமரி மாவட்டம் மேலக்காட்டுவிளையை சேர்ந்த வி.நாராயணன் இஸ்ரோ தலைவராக பொறுப்பு ஏற்ற அதே வாரத்தில் இது நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இணைந்ததோடு வேலை முடியவில்லை. ஒன்றான இரண்டையும் ஒரே செயற்கைகோளாக இயக்கி பார்த்தார்கள். மார்ச் 13-ந்தேதி காலை பிரித்து பார்த்தார்கள். முதல் முயற்சியிலேயே பிரிந்தது. ஏப்ரல் 20-ந்தேதி 2-வது முறையாக இணைத்தார்கள். முதல் முறை 3 மீட்டரில் நிறுத்தி, பார்த்து, பிறகு அனுப்பினார்கள். 2-வது முறை 15 மீட்டரில் இருந்து கடைசி வரை செயற்கைகோள்களே தானாக பார்த்துக்கொண்டன. அதன் பிறகு ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் கொடுத்து, அங்கே உள்ள ஒரு சிறு ஹீட்டரை ஓட வைத்தார்கள்.

ஹீட்டர் ஓடியதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நாளை விண்வெளி நிலையத்துக்கு ஒரு கலம் போய் சேரும் போது, ஒன்றுக்கு மற்றொன்று கரண்ட் கொடுக்க வேண்டி வரும். அதற்கு இது பிள்ளையார் சுழி.

உயிரோடு விளையாட்டு

இந்த இணைப்பு வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு பழைய சம்பவங்கள் உண்டு.

1966-ம் ஆண்டு மார்ச் 16-ந்தேதி உலகிலேயே முதல் முறையாக விண்வெளியில் 2 கலங்களை இணைத்தது அமெரிக்காவின் ஜெமினி-8. அதை ஓட்டியவர் பின்னாளில் நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங். உடன் சென்றவர் டேவிட் ஸ்காட். இணைந்த கொஞ்ச நேரத்தில் கலம் பம்பரமாக சுற்ற ஆரம்பித்தது. ஒரு சிறு என்ஜின் தானாக எரிந்துகொண்டே இருந்ததுதான் காரணம். கலத்தை பிரித்ததும் சுற்றல் இன்னும் கூடி, வினாடிக்கு ஒரு சுற்று என்ற அளவுக்கு போனது. ஆம்ஸ்ட்ராங் மாற்று என்ஜின்களை இயக்கி கட்டுப்படுத்தினார். பயணம் பாதியில் முடிந்து, பசிபிக் கடலில் அவசரமாக இறங்கினார்கள்.

1997-ம் ஆண்டு ஜூன் 25-ந்தேதி ரஷியாவின் "மிர்" விண்வெளி நிலையத்தில் ஒரு சரக்கு கலத்தை கையால் ஓட்டி இணைத்து பார்க்கும் சோதனை நடந்தது. வேகம் குறையவில்லை. கலம் வந்து மோதியது. நிலையத்தின் ஒரு பகுதியில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறியது. உள்ளே 3 பேர் இருந்தார்கள். குறுக்கே கிடந்த கேபிள்களை அகற்றி, அந்த பகுதியின் வாசலை மூடித்தான் உயிர் பிழைத்தார்கள்.

2005-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் நாசா "டார்ட்" என்ற ஆளில்லா சோதனை கலத்தை அனுப்பியது. தானாகவே இன்னொரு செயற்கைகோளை நெருங்கி போக வேண்டும். ஆனால் தன் இடத்தையும் வேகத்தையும் தப்பாக கணக்கு போட்டதால் அந்த செயற்கைகோளை இடித்து விட்டது. எரிபொருளும் தீர்ந்து போனது. நல்ல வேளை, இரண்டிலும் ஆட்கள் இல்லை.

முதல் இரண்டில் உயிர்கள் ஊசலாடின. மூன்றாவதில் நஷ்டம் பொருளோடு போனது. சோதனை கலம் எதற்கு என்பதை இதை விட தெளிவாக சொல்ல முடியாது.

இது முதல் முறை அல்ல

இந்தியாவுக்கு இந்த வெள்ளோட்ட பழக்கம் புதிது அல்ல. 2001-ம் ஆண்டு அக்டோபர் 22-ந்தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-3 ராக்கெட்டில் "டெஸ்" என்ற சோதனை செயற்கைகோள் போனது. அதே ராக்கெட்டில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 94 கிலோ எடை கொண்ட "புரோபா" என்ற குட்டி சோதனை செயற்கைகோளும் போனது. தரையின் உதவியை அதிகம் எதிர்பார்க்காமல் தானாக இயங்க முடியுமா என்று பார்க்க அனுப்பினார்கள். 2 ஆண்டு ஓடினால் போதும் என்று விட்டது, 20 ஆண்டுகளை தாண்டி ஓடியது.

2007-ம் ஆண்டு ஜனவரி 10-ந்தேதி 550 கிலோ எடை கொண்ட ஒரு கூண்டு விண்ணுக்கு போனது. 12 நாள் சுற்றி விட்டு, ஜனவரி 22-ந்தேதி வங்கக்கடலில் பத்திரமாக இறங்கியது. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு கிழக்கே சுமார் 140 கி.மீ. தூரத்தில் விழுந்த அதை மீட்டு கொண்டு வந்தார்கள். விண்ணில் இருந்து திரும்பும் போது ஏற்படும் கடும் வெப்பத்தை தாங்க முடியுமா என்பதற்கான சோதனை அது. மனிதர்களை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு முதல் படிகளில் அதுவும் ஒன்று.

2009-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந்தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ "அனுசாட்" விண்ணுக்கு போனது பலருக்கு நினைவு இருக்கும்.

ராக்கெட்டின் மிச்சத்திலும் முளைத்த பயறு

ஸ்பேடெக்ஸ் பயணத்தில் ராக்கெட்டின் கடைசி பகுதியை கூட வீணாக்கவில்லை. வழக்கமாக குப்பையாக சுற்றும் அந்த 4-வது அடுக்கில் 24 சோதனை கருவிகளை பொருத்தி அனுப்பினார்கள். சின்ன பெட்டிக்குள் வைத்த காராமணி விதைகள் 4 நாளில் முளை விட்டன. பிறகு இலையும் வந்தது. இயந்திரக்கை ஒன்றையும் இயக்கி பார்த்தார்கள். வேலை முடிந்ததும் உயரத்தை குறைத்து வைத்ததால், அந்த பகுதி 2025 ஏப்ரல் 4-ந்தேதி காற்று மண்டலத்துக்குள் நுழைந்து முடிந்து போனது. இந்திய பெருங்கடல் பகுதியில்தான் அது நடந்தது.

அடுத்து என்ன?

நிலவில் இருந்து மண் அள்ளி வரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2024 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு 2 ஆயிரத்து 104 கோடி ரூபாய். இதில் மொத்தம் 5 பகுதிகள். ஒரே ராக்கெட் சுமக்க முடியாத எடை என்பதால் 2 ராக்கெட்டில் அனுப்பி, பூமிக்கு மேலேயே இணைக்க வேண்டும். நிலவில் மண் அள்ளி மேலே வரும் பகுதி, நிலவை சுற்றிக்கொண்டிருக்கும் பகுதியோடு மறுபடி இணைய வேண்டும்.

நிலவுக்கு ஒரு சிக்னல் போகவே 1.3 வினாடி ஆகும். பதில் வர இன்னொரு 1.3 வினாடி. எறும்பு வேகத்தில் நெருங்கும் நேரத்தில் பெங்களூருவில் இருந்து ஒவ்வொன்றுக்கும் "இடது பக்கம் திரும்பு" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் ஏப்ரல் 20-ந்தேதி 15 மீட்டரில் இருந்து தானாகவே இணைந்தது பெரிய விஷயம்.

2035-ம் ஆண்டுக்குள் சொந்த விண்வெளி நிலையம் அமைக்கவும் இந்தியா திட்டமிட்டு உள்ளது. அதையும் துண்டு துண்டாக கொண்டு போய் மேலே வைத்துத்தான் இணைக்க வேண்டும். ஒருநாள் அதன் கதவு திறக்கும் போது உள்ளே நம்ம ஊர் பிள்ளைகள் இருக்கலாம். இரண்டு கலங்களும் இறுகி மாட்டியிருக்கும் அந்த வளையத்தை நம்பித்தான் அவர்கள் கதவை திறப்பார்கள்.

அந்த நம்பிக்கைக்கு போட்ட அஸ்திவாரம்தான் தாம்பாள சைஸ் வளையம் மாட்டிய அந்த 2 குட்டி செயற்கைகோள்கள். அடுத்த முறை ராக்கெட் வெளிச்சம் மறைந்து, ஜனங்கள் கலைந்த பிறகும் மேலே ஏதோ ஒன்று கரையோரமாக ஒரு சுற்று போய் கசிவு பார்த்துக்கொண்டிருக்கலாம். நாள் தள்ளிப்போனது என்று செய்தி வந்தால், "ஊத்திக்கிச்சு" என்று சொல்லும் முன் கொஞ்சம் பொறுத்து பார்க்கலாம்.